ஹேண்டிகேம் கேசட்டும் பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரும்: வாசகர் கேள்வி–பதில்

ஹேண்டிகேம் கேசட்டில் இருக்கும் கல்யாணம், காதுகுத்து, குழந்தையின் முதல் நடை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 2003-ல் வாங்கிய மினிடிவி (MiniDV) ஹேண்டிகேமும் 22 கேசட்டுகளும் இருக்கின்றன. வீட்டில் இருப்பது பென்டியம் 4, 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. கேமராவோடு வந்த யுஎஸ்பி ஒயரைச் செருகினால் தபால்தலை அளவுக்குத்தான் படம் வருகிறது, அதுவும் விட்டுவிட்டு. "இந்த ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஒன்றும் நடக்காது, புதுசு வாங்குங்கள்" என்கிறான் மகன். அவன் சொல்வது சரியா?
— வாசகர், விருதுநகர்

பதில்: கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு வேலைக்கு, இன்று கடையில் கிடைக்கும் லேப்டாப்பைவிட அதுதான் தோது. கோளாறு நீங்கள் செருகிய ஒயரில் இருக்கிறது. அந்தக் காலத்து மினிடிவி கேமராக்களில் பெரும்பாலானவற்றில் யுஎஸ்பி துளை வைத்தது, மெமரி ஸ்டிக்கில் எடுத்த போட்டோவை இறக்கவும் வெப்கேமராவாகப் பயன்படுத்தவும்தான். டேப்பில் இருக்கும் முழுத் தரமான படம் அதன் வழியே வராது.

கேமராவில் ஒரு சிறு மூடியைத் திறந்தால் "ஐ.லிங்க்" அல்லது "டிவி" (DV) என்று எழுதிய 4 முனைத் துளை இருக்கும். அதுதான் ஃபயர்வயர். மினிடிவி டேப்பில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் பதிவாகியிருக்கிறது. ஃபயர்வயர் அந்த எண்களை அப்படியே எடுத்து ஹார்டு டிஸ்கில் வைக்கிறது. படத்தைச் சுருக்குவது, மாற்றுவது எதுவும் நடப்பதில்லை என்பதால் பிராசஸருக்குப் பெரிய வேலை கிடையாது. நம் ஊர் டிவி முறையான பாலில் (PAL) ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், 1,44,000 பைட். நொடிக்கு 25 ஃபிரேம், ஆக நொடிக்கு 3.6 எம்பி. உங்கள் பென்டியம் 4-ன் டிஸ்க் இதைப் போலப் பல மடங்கு வேகத்தில் எழுதும். பென்டியம் 3 இருந்தால்கூடப் போதும்.

முதலில் கேபினட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சில மதர்போர்டுகளிலேயே ஃபயர்வயர் இருக்கும். கிரியேட்டிவ் ஆடிஜி, ஆடிஜி 2 வரிசை சவுண்ட் கார்டு போட்டிருந்தால் அதிலும் பெரும்பாலும் ஒரு துளை உண்டு. இல்லாவிட்டால் பிசிஐ ஸ்லாட்டில் போடும் ஃபயர்வயர் கார்டு ஒன்று வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அல்லது விஐஏ சிப் உள்ள கார்டாக இருக்கட்டும். எக்ஸ்பி அதைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும், தனி டிரைவர் சிடி தேவையில்லை. பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக்கைப் போக்கிக்கொண்டு, கார்டை ஸ்லாட்டில் நேராக அழுத்தி ஸ்குரூவை முடுக்குங்கள். கார்டில் இருப்பது 6 முனைத் துளை, கேமராவில் இருப்பது 4 முனை. அதனால் 6–4 ஒயர் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. 6 முனை இணைப்பில் மின்சாரமும் வருகிறது. அந்தப் பிளக்கைத் தலைகீழாக வைத்து அமுக்கினால் கார்டு, கேமரா இரண்டுக்குமே ஆபத்து. அதன் ஒரு பக்கம் மட்டும் கூம்பாக இருக்கும், பார்த்துச் செருகுங்கள். கேமராவை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஒயரை மாட்ட வேண்டும். அடுத்தது எர்த். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று பிடிக்கிறதா? வீட்டு பிளக்கில் எர்த் சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகே கேமராவை இணையுங்கள். கேமராவின் ஐ.லிங்க் துளை ஒரு முறை எரிந்தால் அதைச் சரிசெய்யும் ஆள் இப்போது கிடைப்பது அரிது.

கேள்வி: ஃபயர்வயர் கார்டு போட்டாயிற்று. எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்த வேண்டும்? மூவி மேக்கர் போதுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: போதும், ஆனால் ஓர் இடத்தில் ஏமாறாதீர்கள். எக்ஸ்பியின் மூவி மேக்கர், "கம்ப்யூட்டரில் பார்க்கச் சிறந்த தரம்" என்ற தேர்வைத்தான் முதலில் காட்டும். அதை விட்டால் படத்தைச் சுருக்கி டபிள்யூஎம்வி ஆக்கிவிடும். தரமும் போகும், பழைய பிராசஸரும் திணறும். "டிவி–ஏவிஐ" (DV-AVI) என்ற தேர்வைத் தேடிப் போடுங்கள், அது படத்தைச் சுருக்காமல் அப்படியே வைக்கும்.

எங்கள் பரிந்துரை வின்டிவி (WinDV) என்ற சாஃப்ட்வேர். இலவசம், மிகச் சிறியது, இந்த வேலையைத் தவிர வேறெதுவும் செய்யாது. கான்ஃபிக் பக்கத்தில் டைப் 2 ஏவிஐ தேர்ந்தெடுங்கள், எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் அதைத்தான் சிரமமில்லாமல் திறக்கும். அதே பக்கத்தில் "டிஸ்கன்டின்யூவிட்டி" என்ற இடத்தில் 1 என்று போடுங்கள். கேமராவில் ரெக்கார்ட் பட்டனை நிறுத்தி மறுபடி அமுக்கிய ஒவ்வோர் இடத்திலும் புதுக் கோப்பு தொடங்கும், கோப்பின் பெயரில் படம் எடுத்த தேதியும் நேரமும் விழும். டேப்பில் படத்தோடு சேர்ந்து அந்தத் தேதி பதிவாகியிருக்கிறது, கேமராவில் தேதியைச் சரியாக வைத்திருந்தால் போதும். 15 வருடம் கழித்து "இது எந்தப் பொங்கல்?" என்று குழம்ப வேண்டாம். கரண்ட் போனாலும் இதில் ஒரு நன்மை உண்டு. ஏவிஐ கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஒரே நீளக் கோப்பாக இருந்தால் 50 நிமிடமும் திறக்காமல் போகலாம். துண்டு துண்டாக இருந்தால் கடைசித் துண்டோடு போய்விடும்.

கேசட்டின் முதுகில் இருக்கும் சிறு தாழை "சேவ்" பக்கம் தள்ளுங்கள், தவறி அழியாது. கேமராவுக்கு அடாப்டர் போடுங்கள், பழைய பேட்டரியை நம்ப வேண்டாம். சுவிட்ச் "விசிஆர்" அல்லது "பிளே" நிலையில் இருக்க வேண்டும். "கேமரா" நிலையில் வைத்துவிட்டு, டேப் ஓடாமல் எதிரிலிருக்கும் சுவரையே பதிவு செய்பவர்கள் அதிகம். பல வருடம் ஓடாத டேப்பைக் கடைசி வரை ஃபார்வர்டு செய்து, திரும்ப ரீவைண்ட் செய்துவிட்டுத் தொடங்கினால் டேப்பின் இறுக்கம் சீராகும். பிறகு வின்டிவியில் கேப்சரை அமுக்கி, கேமராவில் பிளே. 60 நிமிட டேப்புக்கு 60 நிமிடம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கேள்வி: ஒவ்வொரு கேசட்டும் 19 நிமிடத்தில் "டிஸ்க் நிரம்பிவிட்டது" என்று நின்றுவிடுகிறது. டிஸ்கில் 30 ஜிபி காலியாக இருக்கிறது!
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் எழுதும் டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டைப் 2 ஏவிஐ நொடிக்கு ஏறக்குறைய 3.8 எம்பி, ஆகவே 4 ஜிபி சரியாக 19 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். டிரைவை என்டிஎஃப்எஸ் ஆக மாற்றுங்கள். எக்ஸ்பியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இருக்கும் "கன்வர்ட்" கட்டளை உள்ளே இருப்பதை அழிக்காமல் மாற்றும், இருந்தாலும் முக்கியமானவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். மாற்ற விருப்பமில்லை என்றால் வின்டிவி கான்ஃபிக்கில் ஒரு கோப்பின் அதிகபட்ச அளவை 22,500 ஃபிரேம் என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பாக வந்துவிடும்.

கேள்வி: படம் சில நொடிக்கு ஒரு முறை வெட்டி வெட்டிக் குதிக்கிறது. "டிராப்டு" என்ற எண் ஏறிக்கொண்டே போகிறது. கேமராத் திரையில் அதே டேப் சுத்தமாக ஓடுகிறது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கேமராவில் சுத்தமாக ஓடுகிறது என்றால் டேப் மேல் பழியில்லை. கம்ப்யூட்டர் வந்த ஃபிரேமை எழுத முடியாமல் நழுவ விடுகிறது. பெரும்பாலும் ஆன்ட்டிவைரஸ்தான் காரணம், எழுதப்படும் கோப்பை அதே நேரத்தில் சோதித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. ஆகவே இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு ஆன்ட்டிவைரஸை நிறுத்துங்கள். ஸ்கிரீன்சேவரும் வேண்டாம்.

அப்படியும் தீராவிட்டால், பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்களைத் திறந்து, பிரைமரி சேனலின் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பாருங்கள். "அல்ட்ரா டிஎம்ஏ" என்று இருக்க வேண்டும். "பிஐஓ" என்று இருந்தால் அதுதான் நோய். டிஸ்கோடு பேசும்போது 6 முறை பிழை நேர்ந்தால், எக்ஸ்பி தானாகவே வேகத்தைக் குறைத்துக் கடைசியில் பிஐஓவுக்கு இறங்கிவிடும், பிறகு மேலே ஏறவே ஏறாது. பிஐஓவில் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்க வேண்டும், வேறெதற்கும் அதற்கு நேரம் இருக்காது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், எக்ஸ்பி புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் வைக்கும். சில நாளில் மறுபடி பிஐஓவுக்குப் போனால், பிழைக்கு மூலம் அந்தத் தட்டை ரிப்பன் கேபிள்தான் என்று சந்தேகப்படலாம். 80 ஒயர் உள்ள நல்ல கேபிளாக மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஹார்டு டிஸ்க் கடைசிக் காலத்தில் இருக்கக்கூடும். அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

கேள்வி: படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகச் சதுரங்கள். ஒரு பட்டை நன்றாக இருக்கிறது, அடுத்த பட்டை உறைந்துபோய் நிற்கிறது. டேப் கெட்டுவிட்டதா?
— வாசகி, சென்னை

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் மிகத் தெளிவானது. டேப் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒன்று அடைபட்டிருக்கிறது. மினிடிவி கேமராவுக்குள் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழலும் ஒரு சிறு உருளை இருக்கிறது, அதன் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஹெட். பால் முறையில் ஒரு ஃபிரேமை டேப்பில் 12 சாய்கோடுகளாக எழுதுகிறார்கள். ஒற்றைப்படைக் கோட்டை ஒரு ஹெட்டும் இரட்டைப்படைக் கோட்டை மற்றதும் படிக்கின்றன. ஒரு ஹெட் அழுக்கேறினால் 6 கோடு வரும், 6 கோடு வராது. வராத இடத்தில் கேமரா பழைய ஃபிரேமையே காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்க்கும் பட்டை அதுதான்.

மினிடிவி கிளீனிங் கேசட்டைப் போட்டு 10 நொடி மட்டும் ஓட்டுங்கள். சரியாகாவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு முறை, அவ்வளவே. அது ஹெட்டைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது, ஓட்ட ஓட்ட ஹெட் தேயும். ஓடிய பகுதியை உடனே ரீவைண்ட் செய்து மறுபடி ஓட்டாதீர்கள், எடுத்த அழுக்கு அதில்தான் இருக்கிறது. பஞ்சுக் குச்சியை உள்ளே விடவே விடாதீர்கள். ஹெட்டின் நுனி கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லியது, பஞ்சின் ஒரு நூல் சிக்கினாலே முறிந்துவிடும்.

சுத்தம் செய்வதற்கு முன் கேசட்டுகளைப் பாருங்கள், குறிப்பாகக் கடலோர ஊர்க்காரர்கள். டார்ச் வெளிச்சத்தைக் கேசட்டின் சிறு ஜன்னல் வழியே சாய்வாக அடித்தால் சுருளின் பக்கவாட்டு கறுப்பாக, வழவழவென்று இருக்க வேண்டும். வெள்ளையாகத் தூள் படிந்ததுபோல், சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், அங்கிருந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைச் சிலிக்கா ஜெல்லுடன் தனிப் பையில் போட்டு ஒதுக்கி வைத்து, டேப் சுத்தம் செய்யும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தவுடன் போடுவதும் கூடாது. உருளையில் ஈரம் கோத்து டேப் ஒட்டிக்கொள்ளும். நீர்த்துளிக் குறி தெரிந்தால் கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது வையுங்கள்.

ஒரே ஒரு கேசட் மட்டும் இப்படி இருந்தால், அது அதிக நேரம் பதிய உதவும் எல்பி (LP) முறையில் எடுத்ததா பாருங்கள். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் அடங்க வேண்டும் என்று கோட்டின் அகலத்தை 10 மைக்ரானிலிருந்து 6.67 மைக்ரானுக்குக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் எடுத்த கேமராவைத் தவிர வேறொன்றில் ஓட்டினால் தடுமாறும். அந்தப் பழைய கேமரா உறவினர் வீட்டில் உயிரோடு இருந்தால் கேட்டு வாங்கி அதில் ஓட்டுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1996 முதல் 2001 வரை எடுத்த 8 எம்எம் கேசட்டுகள். கேமரா ஓடவில்லை. யுஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கினால் போதுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: குச்சி எதுவானாலும் டேப்பை ஓட்ட ஒரு கேமரா வேண்டும், அதை முதலில் தேடுங்கள். தேடும்போது, 8 எம்எம் கேசட்டின் மேம்பட்ட வகையான ஹை8-ன் சாதாரண கேமராவுக்குப் பதில், அதே அளவு கேசட்டில் டிஜிட்டலாகப் பதியும், சோனி 1999-ல் கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமரா கிடைத்தால் அதிர்ஷ்டம். பழைய வீடியோ8, ஹை8 டேப்பையும் ஓட்டும் மாடலாக இருந்தால், அது உள்ளேயே டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் வழியே அனுப்பும். மேலே சொன்ன வின்டிவி வேலை அப்படியே பொருந்தும். எல்லா டிஜிட்டல்8 மாடலும் பழைய டேப்பை ஓட்டாது, கையேட்டைப் பார்த்தோ உங்கள் டேப் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தோ வாங்குங்கள். மெனுவில் "டிபிசி" இருந்தால் ஆன் செய்யுங்கள், கோணலாக அசையும் செங்குத்துக் கோடுகள் நிமிரும்.

கேமராவிலிருந்து வரும் படத்தை டிஜிட்டலாக மாற்றும் யுஎஸ்பி குச்சியை நாங்கள் கடைசி வழியாகத்தான் சொல்வோம். பழைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 2.0 இல்லாவிட்டால் அது பயன்படாது. மலிவான குச்சிகளில் படமும் ஒலியும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுவதால், அரை மணி நேரத்துக்குப் பிறகு வாயசைப்பும் குரலும் விலகத் தொடங்கும். வேறு வழியில்லை என்றால் 15, 20 நிமிடத் துண்டுகளாக எடுங்கள். பால், 720 × 576 என்று தேர்ந்தெடுங்கள். ஹை8 கேமராவில் எஸ்–வீடியோ துளை இருந்தால் மஞ்சள் வீடியோ ஒயரை விட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸ் 10. ஃபயர்வயர்–யுஎஸ்பி ஒயர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள். உள்ளே வெறும் கம்பி மட்டும்தான். இரண்டும் பேசும் மொழியே வேறு, முனையை மாற்றினால் மொழி மாறாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ள டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டால் விண்டோஸ் 10-லும் செய்யலாம். கேமரா தெரியாவிட்டால் "லெகசி" என்று முடியும் 1394 (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) டிரைவரைப் போட வேண்டும். விண்டோஸ் 7-ல் அது உள்ளேயே உண்டு. விண்டோஸ் 8 முதல் கூட வருவதில்லை, மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாக வெளியிட்டது.

கேள்வி: எங்கள் கேமரா கேசட் போடுவதல்ல, குட்டி டிவிடி போடுவது. கம்ப்யூட்டரில் வைத்தால் "காலி டிஸ்க்" என்கிறது.
— வாசகி, சேலம்

பதில்: டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யவில்லை, அதாவது பதிவை முடித்து மூடவில்லை. எடுத்த அதே கேமராவில் அடாப்டர் மாட்டி, மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள், நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டு வெளியே வரும் டிரைவில் உள்வட்டப் பள்ளத்தில் வைத்துக் கோப்புகளை நகலெடுக்கலாம். வாயில் நுழைக்கும் வகை டிரைவில் 8 செமீ டிஸ்க்கைப் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். கேமரா போய்விட்டது என்றால் ஐசோபஸ்டர் என்ற சாஃப்ட்வேர் மூடாத டிஸ்க்கையும் படிக்க முயலும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணன் கொடுத்த மினிடிவி கேசட் எங்கள் கேமராவில் ஓடவில்லை.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: டிவி முறை அங்கே என்டிஎஸ்சி, இங்கே பால். அண்ணனிடமே ஃபயர்வயர் வழியே எடுத்து டிஸ்கில் அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், 720 × 480, நொடிக்கு 29.97 ஃபிரேம் என்று வரும். அதைப் பாலாக மாற்றாமல் அப்படியே வையுங்கள்.

கேள்வி: எடுத்தாகிவிட்டது. ஒரு கேசட் 13 ஜிபிக்கு மேல் வருகிறது, கையை ஆட்டினால் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறது. சுருக்கிவிட்டு, பெரிய கோப்பையும் கேசட்டையும் போட்டுவிடலாமா?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டையும் போட வேண்டாம். டிவி–ஏவிஐ தான் உங்கள் மூலப் பிரதி. சீப்புக் கோடு கோளாறு அல்ல, இன்டர்லேஸ். ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப் படங்கள் பின்னியது, பழைய டிவியில் அது தெரியாது. பார்க்கவும் பகிரவும் புதுக் கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற சாஃப்ட்வேர் கொண்டு, எச்.264 முறையில் சுருக்கிய பிரதி எடுங்கள். டீஇன்டர்லேஸ் ஃபில்டரை "பாப்" (Bob) என்று வைத்தால் நொடிக்கு 50 ஃபிரேமாகி, அசைவு எடுத்த அன்று இருந்ததுபோல வழுக்கிக்கொண்டு ஓடும். தரம் 18 முதல் 20 வரை போதும், படம் 4:3 அளவில் வருகிறதா என்று பாருங்கள், முகம் அகன்று தெரியக் கூடாது. ஒலி வராமலோ இரட்டையாகவோ இருந்தால் அந்த டேப் 12 பிட் ஒலியில் எடுத்ததாக இருக்கலாம். எடிட்டிங் சாஃப்ட்வேரில் முதல் ஸ்டீரியோ ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்.

விருதுநகர் வாசகரின் 22 கேசட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 300 ஜிபி வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 1.1 மட்டும் இருந்தால் ஒரு கேசட்டை வெளி டிஸ்கில் நகலெடுக்கவே 4 மணி நேரம் போல ஆகும், யுஎஸ்பி 2.0 கார்டு ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள், 10 நிமிடத்தில் முடியும். உள்ளே பெரிய டிஸ்க் மாட்டுவதென்றால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 1-க்கு முந்தையது 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. 2 டிபியைத் தாண்டிய டிஸ்க்கையும் எக்ஸ்பிக்கு வாங்காதீர்கள்.

ஒவ்வொரு கேசட்டின் கோப்பிலும் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். கேசட்டுகளை முழுதாக ரீவைண்ட் செய்து, பெட்டிக்குள் புத்தகம்போல நிறுத்தி, சிலிக்கா ஜெல்லோடு பரணில் அல்லாமல் பீரோவில் வையுங்கள். கேமராவையும் அங்கேயே வைக்கலாம், பேட்டரியைக் கழற்றிவிட்டு.